பேமா ஏன் நிமிர்ந்து நின்றாள்?

அல்லிக்குளத்துப் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் ஆனதும் நீர்ப்பறவைக் குஞ்சுகள் எல்லாம் கரைக்கு ஓடும். குனிந்த தலை நிமிராமல் புல் மேயும். பனிமலைக்கு அப்பாலிருந்து புதிதாக வந்த வரித்தலை வாத்துக் குஞ்சு பேமா மட்டும் கழுத்தை நீட்டி நின்றுகொண்டிருப்பாள்.

அவள் ஊரில் அதுதான் பழக்கம். மற்றவர்கள் மேயும்போது ஒருவர் காவல் நிற்பார். சற்று நேரத்தில் இன்னொருவர் வந்து, "நான் பாக்குறேன், நீ சாப்பிடு" என்பார். இங்கே அப்படிச் சொல்ல யாரும் வரவில்லை. பாவம், பேமா தினமும் அரை வயிற்றோடு வகுப்புக்குத் திரும்பினாள்.

நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழிக் குஞ்சு நெற்றியானுக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

"ஏ ஒட்டடைக்கம்பு, எங்க வாயையே ஏன் பாக்குற?"

"உங்கள இல்ல. அந்தக் கோரைப் பக்கம்..."

"பொய் சொல்லாத. நீ கண்ணு வச்சுதான் நேத்து எனக்கு வயித்துவலி!"

நேற்று அவன் இரண்டு பேர் பங்கைத் தின்றது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் சிரித்தார்கள். அதன்பிறகு அவளைக் கண்டாலே சிறகை விரித்துப் புல்லை மறைத்தார்கள். பேமாவுக்கு அழுகை முட்டியது. ஊரோடு ஒத்துப் போனால் வம்பில்லை என்று அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

கோரைக்குள் காத்துக் கிடந்த காட்டுப்பூனைக்கு அதுதானே வேண்டும்? ஒரே பாய்ச்சலில் நெற்றியானின் வாலைக் கவ்வியது. வால் இறகுகளைப் பூனைக்குக் கொடுத்துவிட்டு, உயிரை மட்டும் காப்பாற்றிக்கொண்டு அவன் தண்ணீரில் விழுந்தான்.

"நீ தினமும் அந்தக் கோரையத்தானே பாத்துக்கிட்டு நின்ன? இன்னிக்கு ஏன் பாக்கல?" என்று கேட்டான்.

"பாத்தா கண்ணு வைக்கிறேன்னு சொன்னீங்க. எங்க ஊர்ல இப்படிப் பதுங்கி வர்ற பூனை, நரிக்காகத்தான் ஒருத்தர் நிமிர்ந்து நிப்போம்" என்றாள் பேமா.

நெற்றியான் திரும்பித் தன் மொட்டை வாலைப் பார்த்தான்.

மறுநாள் கரையேற எல்லோருக்கும் பயம். பேமாதான் முதலில் ஏறி, பழையபடி கழுத்தை நீட்டி நின்றாள். மற்றவர்கள் தயங்கித் தயங்கி மேயத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் வாலில்லாத நெற்றியான் அவள் பக்கத்தில் வந்து, தன் குட்டைக் கழுத்தை எக்கி நிமிர்த்தினான்.

"நான் பாக்குறேன். நீ சாப்பிடு."

பேமா குனிந்தாள். அன்றைக்குத்தான் அவள் வயிறு நிறைந்தது.

வந்தவரின் வழக்கத்தைக் கேலி செய்யுமுன், அது எதற்காக என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.