வல்லாரை குடித்தவர்கள்

முதலில் கேட்டது "உவ்வே". பிறகு ஒரு கிண்ணம் சிமெண்டுத் தரையில் உருளும் சத்தம். பிறகு இன்னொரு "உவ்வே", முன்னதைவிட மனப்பூர்வமாக.

வைத்தியசாலையின் முன்னறையில் கல்வத்தில் பச்சிலை அரைத்துக்கொண்டிருந்த கிறிஸ்துதாஸ் சார் குழவியை நிறுத்தவில்லை. மருந்து உள்ளே போனதற்கு அடையாளம் என்று திருப்திப்பட்டுக்கொண்டார். வாந்தி எடுத்தது அவருடைய பேத்தி ஜெபிஷா. குடித்தது வல்லாரைச் சாறு.

சார் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியே தலை நரைத்தவர். ஓய்வு பெற்றபின் சும்மா இருந்தால் மனைவியோடு பேச வேண்டியிருந்தது. அதனால் வர்மமும் வைத்தியமும் படிக்க வந்து சேர்ந்தார். வாய்த்த ஆசானோ ஞானசிகாமணி, ஒரு காலத்தில் அவர் வகுப்பிலேயே கடைசி பெஞ்சில் இருந்தவர். குரு சிஷ்யனைச் 'சாரே' என்பார். சிஷ்யன் குருவை 'ஆசானே' என்பார். யார் முதலில் உட்காருவது என்பது தினமும் ஒரு சங்கடம். பாதிப் பாடம் இருவரும் நின்றபடியே முடிந்துவிடும்.

அன்று ஆசான் உள்ளே வந்ததும் ஜெபிஷாவைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு என்ன குடுத்தீரு சாரே?"

சார் விவரம் சொன்னார். நாலாம் வகுப்பு முடித்தும் அவளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை. வாயைத் திறந்தால் ஊரை விற்றுவிடுவாள். புத்தகத்தைத் திறந்தால் ஊமை. முதல் வரியில் பழகிய எழுத்தை இரண்டாம் வரியில் யாரோ எவரோ என்று பார்க்கிறாள். டீச்சர் சோம்பேறி என்கிறார், அப்பன் திமிர் என்கிறான். லீவு முடிந்ததும் கண்டிப்புக்குப் பேர்போன ஒரு ஹாஸ்டலில் தள்ளிவிடுவது என்று மகள் மேபல் தகரப் பெட்டிகூட வாங்கிவிட்டாள். பெட்டி வந்த நாளிலிருந்து பிள்ளை அதன்மேல் ஏறி உட்கார்ந்துதான் சோறு தின்கிறாள், யாரும் திறந்து துணி வைத்துவிடக் கூடாதென்று.

"அதுக்குள்ள எழுத்தை வரவழைக்கணும் ஆசானே. வல்லாரை போதலேன்னா, படிப்புக்குன்னு ஒரு வர்மம் இருக்கும்லா, அதைக் காட்டித் தாரும். ஒரு தட்டு தட்டிப் பாக்கேன்."

அந்நேரம் கட்டுமரக்காரர் சூசை நொண்டிக்கொண்டே படியேறினார். வலது முட்டு கொஞ்ச நாளாக மடங்க மாட்டேன் என்கிறதாம். சொல்லி முடிப்பதற்குள் ஆசான் கல்வத்திலிருந்த வல்லாரையை வழித்துத் தண்ணீரில் கலக்கி அவர் கையில் கொடுத்தார். ஆசான் கொடுத்ததாயிற்றே என்று சூசையும் கண்ணை மூடிக் குடித்துவிட்டார்.

சாருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"முட்டுவலிக்கு வல்லாரையா ஆசானே?"

"புத்தி தெளிஞ்சா நொண்டாம நடப்பாருல்லா."

"தொட்டுக்கூடப் பாக்கலியே."

"நொண்டுகது கண்ணுக்குத் தெரியுதே. பிறகு என்ன பாக்கதுக்கு?"

சூசை ஒரு பச்சை ஏப்பம் விட்டு, இதற்கும் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று பணிவாக விசாரித்தார்.

"ஹாஸ்டல்ல சேத்திருவோம்," என்றார் ஆசான்.

கணக்கு வாத்தியாரின் பழைய கோபம் சாருக்கு வந்துவிட்டது. குருவை ஒதுக்கிவிட்டுச் சூசையைத் தம் பக்கம் இழுத்தார். நாடி பார்த்தார். நடக்கவிட்டார், படி ஏறி இறங்கவிட்டார், மல்லாக்கப் போட்டுக் காலைத் தூக்கினார். எந்த வேளையில் வலிக்கிறது, எப்படிப் படுத்தால் குறைகிறது, வலை இழுக்கும்போது பாரம் எந்தப் பக்கம் விழுகிறது என்று கேட்ட கேள்வியில் சூசை வலியை மறந்து களைத்துப்போனார். கடைசியில் இடுப்பில் ஓரிடத்தில் சாரின் கட்டைவிரல் பட்டது. தெருநாய் குரைக்கிற அளவுக்குச் சூசை அலறினார்.

"முட்டு சுகமாத்தான் இருக்கு. கெட்டது இடுப்பு," என்றார் சார், வெற்றியோடு. "முட்டுல எண்ணெய் போட்டிருந்தா ஆயுசுக்கும் போட்டுக்கிட்டே இருக்கணும்."

"சரிதான்," என்ற ஆசான் ஜெபிஷாவின் பக்கம் திரும்பினார். "இவளுக்கு எங்க?"

சாரின் கட்டைவிரல் பேத்தியின் உச்சந்தலைவரை போய் நின்றது.

"மண்டைக்குள்ள எப்படிப் பாக்கது ஆசானே?"

"என் விரலுக்கு எட்டாது சாரே. எட்டுகவங்க இருக்காங்க."

நாகர்கோவிலில் ஒரு டாக்டரம்மா இருந்தார். ஒரு பிள்ளையின் மூளை எதைச் சட்டென்று வாங்குகிறது, எதில் தட்டுகிறது என்று சோதித்துச் சொல்பவர். சார் முதலில் மறுத்தார். மூளை டாக்டரிடம் போனால் ஊர் என்ன பேசும், நாளைக்கு இவளை யார் கட்டுவான் என்று மேபலும் மறுத்தாள். அன்றிரவு பெட்டியின்மேலேயே சுருண்டு தூங்கிப்போன பேத்தியைச் சார் தூக்கிக் கிடத்தினார். மறுநாள் காலையில் மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஊசியும் இல்லை, வயரும் இல்லை. கட்டைகளை அடுக்கச் சொன்னார்கள். எண்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார்கள். கதை சொல்லி, அதைத் திருப்பிக் கேட்டார்கள். வாசிக்கவும் வைத்தார்கள். மத்தியானம் தாண்டியும் முடியாமல் இன்னொரு நாளும் வரச் சொன்னார்கள். வெளியே பெஞ்சில் இருந்த சார், மூடிய கதவுக்குள் பேத்தி சிரிப்பதைக் கேட்டு, நடப்பது பரீட்சைதானா என்று நர்ஸிடம் விசாரித்தார்.

கேட்ட கதையை ஒரு வார்த்தை சிந்தாமல் திருப்பித் தருகிறாள் என்றார் டாக்டரம்மா, இரண்டாம் நாள் முடிவில். யோசனை வயசுக்கு மேலே. கவனத்திலும் குறையில்லை. கண்ணில் பட்ட எழுத்தை ஒலியாக மாற்றுகிற ஓர் இடத்தில்தான் முடிச்சு. ஒலியையும் எழுத்தையும் பொறுமையாகச் சேர்த்துப் பழக்கத் தனிப் பயிற்சி வேண்டும். அதுவரை பாடத்தை வாசித்துக் காட்ட வேண்டும், பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்க வேண்டும். மெதுவாகத்தான் வரும். ஆனால் வரும்.

"அப்போ இவ சோம்பேறி இல்லியா?" என்று கேட்டுவிட்டு மேபல் அங்கேயே அழுதாள்.

"அப்போ பெட்டி?" என்றாள் ஜெபிஷா.

பெட்டியில் இப்போது அரிசி இருக்கிறது.

சார் வைத்தியசாலைக்கு வந்து எல்லாவற்றையும் ஆசானிடம் சொன்னார். சொல்லி முடித்தபின்னும் உட்காரவில்லை. ஆசானும் உட்காரவில்லை.

"ஆசானே, நாலாங்கிளாஸ்ல உமக்கு என்ன கெட்டிருந்தது?"

ஆசான் வலது கையை நீட்டினார், உள்ளங்கை மேலே பார்க்க. அந்தக் காலத்தில் சாரின் பிரம்புக்கு நீட்டிய அதே நேர்த்தி.

"பாரும் சாரே."

சார் மூன்று விரல்களை அந்த மணிக்கட்டில் வைத்தார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. இன்றைக்கும் அந்தப் பச்சைத் தண்ணி உண்டுமா என்று வாசலிலிருந்து சூசை பயத்தோடு கேட்டார்.

பிறகு சார் கல்வத்தின் முன்னால் முதலில் உட்கார்ந்தார். சூசையின் இடுப்புக்கான வேரைப் போட்டு அரைக்கத் தொடங்கினார்.