அரசன் ஏற்றிய பாய்

முன்னொரு காலத்தில் பவளத்துறை என்னும் கடற்கரை நாட்டைச் சங்கதரன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் அவனுடைய மதியத் தூக்கத்தை மட்டும் யாரும் கெடுத்துவிடக் கூடாது.

ஒருநாள் துறைமுகத்திலிருந்து "கிரீச், கிரீச்" என்ற சத்தம் அவனை எழுப்பிவிட்டது.

"என்ன சனியன் அது?"

பக்கத்தில் நின்ற தளபதி மல்லதரையன் முந்திக்கொண்டான். "கப்பலில் பாய் ஏற்றும் கப்பி, மன்னா. சோம்பேறிகளுக்குத்தான் கப்பி வேண்டும். தோளில் வலு உள்ளவன் வெறும் கயிற்றிலேயே ஏற்றிவிடுவான்."

"அப்படியானால் எல்லாக் கப்பியையும் கழற்றச் சொல்."

அமைச்சர் நன்னயர் வாய் திறந்தார். அரசன் கையமர்த்திவிட்டான். அமைச்சரின் முத்திரை மோதிரத்தின்மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த தளபதிக்கு அன்று பாயசம் சாப்பிட்டது போல இருந்தது.

சில நாளில் காற்று திசை மாறியது. கோபித்துக்கொண்டு தாய்வீட்டுத் தீவுக்குப் போயிருந்த அரசியிடமிருந்து ஆள் வந்தது. இந்தக் காற்று இருக்கும்போதே அழைக்க வராவிட்டால், அடுத்த வருஷக் காற்றுக்குத்தான் வருவாளாம். எதற்காகக் கோபித்துக்கொண்டாள் என்றே அரசனுக்குத் தெரியாது. அவள் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை என்பது மட்டும் ஊருக்கே தெரியும்.

அரசனின் கப்பல் புறப்படத் தயாரானது. தளபதியின் மல்லர்கள் பத்துப் பேர் பாய்க்கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். கப்பி இல்லாத பாய்மரத்தில் கயிறு உராய்ந்து புகைந்தது. உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம், பாய் தளத்தைவிட்டு எழவில்லை.

"கப்பலில்தான் கோளாறு, மன்னா. அமைச்சர் கட்டுவித்த கப்பல்தானே" என்றான் தளபதி.

அரசன் நன்னயரை முறைத்தான். "பொழுது சாய்வதற்குள் பாய் ஏற வேண்டும். இல்லையேல் உமது மோதிரம் மல்லதரையனுக்கு."

நன்னயர் பாய்மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"கப்பி வைக்க அனுமதி கொடுங்கள். ஒரு கிரீச் கேட்டாலும் மோதிரத்தை இப்போதே கழற்றித் தருகிறேன்."

"சரி, செய்யும்."

பாய்மர உச்சியில் இரண்டு கப்பி, பாயைத் தாங்கும் குறுக்குக் கழியில் இரண்டு கப்பி. ஒரே கயிற்றை அவற்றில் மேலும் கீழுமாகக் கோத்து, அச்சுகளுக்கு விளக்கெண்ணெயைத் தாராளமாக ஊற்றினார். பிறகு கயிற்று நுனியை அரசனிடமே நீட்டினார்.

"அரசியை அழைக்கப் போகும் கப்பல். பாயை நீங்கள் ஏற்றுவதே அழகு."

அரசன் இழுத்தான். சத்தமே இல்லாமல் பாய் மேலே போனது. காற்று பாயில் நிறைந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பத்து மல்லரால் ஆகாததை ஒற்றை ஆளாகச் செய்தேன், பார்த்தீரா?"

"தங்கள் தோளுக்கு முன்னே மல்லர்கள் எம்மாத்திரம்?" என்று நன்னயர் பவ்வியமாகக் கைகட்டி நின்றார்.

தளபதிக்குப் பொறுக்கவில்லை. "ஏமாறாதீர்கள், மன்னா. இது உங்கள் பலமில்லை, கப்பியின் பலம். பாரத்தை நாலு கயிறு பங்கு போட்டுக்கொள்கிறது. நாலு முழம் இழுத்தால் ஒரு முழந்தான் ஏறும். குழந்தை இழுத்தாலும் ஏறும்."

துறைமுகமே தளபதியைத் திரும்பிப் பார்த்தது.

"ஓகோ" என்றான் அரசன். "கப்பியின் அருமை உமக்கு முன்பே தெரியுமா?"

தளபதி நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"நான் சொன்னால் பிடிவாதம் என்பீர்கள், மன்னா" என்றார் நன்னயர். "அதனால்தான் தளபதியையே சொல்லவைத்தேன்."

அரசன் கொஞ்சம் வெட்கப்பட்டான், பிறகு சிரித்துவிட்டான். தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டான். துறையிலுள்ள கப்பிகளுக்கெல்லாம் தன் கையாலேயே எண்ணெய் விடும் வேலை தளபதிக்குக் கிடைத்தது.

அரசி வந்து இறங்கியதும் அரசன் கதை முழுவதையும் சொன்னான். அவள் இடுப்பில் கைவைத்து நின்று கேட்டாள்.

"கப்பிச் சத்தமே உங்களுக்குத் தாங்கவில்லையா? உங்கள் குறட்டை தாங்காமல்தானே நான் அம்மா வீட்டுக்கே போனேன்."

அரசன் கடலைப் பார்த்தான். அரசி அமைச்சர் பக்கம் திரும்பினாள்.

"நன்னயரே, அந்த விளக்கெண்ணெய் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா?"