சென்னியப்பன் விட்ட ஒரு சொட்டு

சென்னியப்பன் வாயைத் திறந்தால் முதல் வாக்கியம் உண்மையாக இருக்கும். அதற்குமேல் யாரும் உத்தரவாதம் தர முடியாது. கோயம்புத்தூரில் பம்ப் செய்யும் பட்டறை ஒன்றில் பதினெட்டு வருஷமாக லேத் ஓட்டுகிறவர். இரும்பைக் கடைந்தால் மயிரிழை பிசகாது. பேச்சைக் கடைந்தால்தான் அளவு நிற்காது.

அந்தச் சித்திரையில் பட்டறையின் இரண்டு ஃபேன்களில் ஒன்று மோட்டார் காயில் கருகி ஓடாமல் போனது. மிச்சம் இருப்பது லேத்துக்கா, ஸ்டோர் ரூமுக்கா என்று தகராறு. லேத்துக்கு மேலே தகரக் கூரை கொதித்தது. ஸ்டோர் ரூமிலோ ஜன்னலே கிடையாது. உங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று மேனேஜர் கழன்றுகொண்டார். ஸ்டோர் பார்க்கும் ரெஜினா, சீட்டுக் குலுக்கலாம் என்றார். சென்னியப்பனுக்கோ தன் வாய்மேல் அபார நம்பிக்கை.

"நான் ஒரு கதை சொல்றேனுங்க அக்கா. யாரு வாயில முதல்ல 'பொய்'னு வருதோ, அவங்களுக்கு ஃபேன் இல்லை."

சரி என்றார் ரெஜினா. ஃபிட்டர் முபாரக் நடுவர். பதினொரு மணி டீயோடு உட்கார்ந்தார்கள்.

காலேஜிலிருந்து ஒரு புரொபசர் சின்னக் குப்பியில் அயனித் திரவம் கொண்டுவந்து, லேத்தில் பரிசோதனைக்குக் கொடுத்தார் என்று ஆரம்பித்தார் சென்னியப்பன். இது உண்மை. அது உப்புதான், ஆனால் கல்லாக இறுகாமல் எண்ணெய்போல ஓடும், சூட்டுக்கு ஆவியாகாது, இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே மெல்லிய ஏடாகப் படிந்து உரசவிடாது, தேயவிடாது என்றார். இதுவும் புரொபசர் சொன்னதுதான். அதோடு புரொபசரின் பங்கு முடிந்தது.

ஒரு சொட்டு விட்டாராம். சாயங்காலம் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாராம். காலையில் வந்து பார்த்தால் லேத் இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததாம். நனைந்த சாக்கைப் போட்டு, மூன்று பேர் கட்டிப்பிடித்து நிறுத்தினார்களாம்.

"சாக்கு ஸ்டோர்ல வாங்குனதுங்களா?" என்று மட்டும் கேட்டார் ரெஜினா.

சென்னியப்பன் கொஞ்சம் ஏமாந்துபோனார். அடுத்ததை ஒரு சுற்றுப் பெரிதாகவே விட்டார். கை தவறி ஸ்பேனரில் ஒரு துளி பட்டுவிட்டது. பிடித்தால் நிற்காமல் வழுக்கி, கேட்டைத் தாண்டி, அவினாசி ரோட்டில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. திருப்பூரில் யாரோ புண்ணியவான் கோணிப்பையைப் போட்டு அமுக்கி, பஸ்ஸில் கொடுத்துவிட்டார்.

"சிக்னல்ல எல்லாம் நிக்கலீங்களா தம்பி?"

"போற வழியெல்லாம் பச்சைங்க அக்கா."

முபாரக் டீயை மூக்கால் குடித்து இருமினான். ரெஜினாவின் முகம் சலனமே இல்லாமல் இருந்தது. சென்னியப்பனுக்கு உள்ளே உறுத்தியது. இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதை ஒருவர்கூட இப்படி முழுசாக நம்பியதில்லை. நம்புகிற ஆள் முன்னால் கதை விடுவது இவ்வளவு சிரமம் என்று அவருக்குத் தெரியாது.

மொபெட் சங்கிலிக்கு ஒரு சொட்டு விட்டு, தைப்பொங்கலிலிருந்து பெட்ரோலே போடவில்லை என்றார். வால்பாறை மலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவையும் எஞ்சினை அணைத்துவிட்டே கடந்தாராம்.

"எறக்கத்துலதானே அண்ணா?" என்றான் முபாரக், தாங்கமாட்டாமல்.

"ஏத்தத்துலடா."

ரெஜினா மெதுவாகத் தலையாட்டினார். "இருக்குமுங்க. நல்ல சரக்கு."

அந்தத் தலையாட்டல்தான் சென்னியப்பனைக் கவிழ்த்தது. இதற்குமேல் எதைச் சொன்னால் இந்த அக்கா 'பொய்' என்பார் என்று தவித்துச் சுற்றிலும் பார்த்தார். மூலையில் கிடந்த கருகின ஃபேன் கண்ணில் பட்டது.

"இதையெல்லாம் விடுங்க அக்கா. எங்க வீட்டு ஃபேன் காயில் கருகி மூணு மாசமாச்சு. ஒரு சொட்டு விட்டு, விரல்ல ஒரு சுண்டு சுண்டுனேன். அன்னைக்கு எடுத்த ஓட்டம், இன்னும் நிக்கலை."

"கரண்ட் இல்லாமயா?"

"வயரை அறுத்துத் துணி காயப்போடக் கொடி கட்டியாச்சுங்க."

"காத்து வருதுங்களா?"

"போர்வை இல்லாமப் படுக்க முடியறதில்லை."

"அந்தச் சொட்டு இன்னும் மிச்சமிருக்குங்களா தம்பி?"

"ஆவியாகாத சரக்காச்சே, தீருமா?" என்று சட்டைப்பையைத் தட்டிக் குப்பியைக் காட்டினார் சென்னியப்பன். இப்போது பாருங்கள், அந்த வார்த்தை வந்தே தீரும் என்று முபாரக்கைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ரெஜினா எழுந்தார். டீ கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தார். மூலையிலிருந்த கருகின ஃபேனைத் தூக்கிவந்து, தூசியைத் துடைத்து, லேத்துக்குப் பக்கத்தில் பக்குவமாக வைத்தார்.

"நீங்க சொன்னது அத்தனையும் சத்தியம் தம்பி. அந்தக் கைராசி எனக்கு இல்லை. கரண்ட்ல ஓடுற ஃபேனை நான் எடுத்துக்கறேன். நீங்க இதுல ஒரு சொட்டு விட்டு, ஒரு சுண்டு சுண்டிக்குங்க."

சென்னியப்பன் வாய் திறந்தது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது. சொன்னால் ஃபேன் போச்சு. சொல்லாவிட்டாலும் போச்சு. முபாரக்கைப் பார்த்தார். நடுவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் இரண்டு மணிக்குத் தகரம் காய்ந்து லேத்தடி அனலாகத் தகித்தது. யாரும் கவனிக்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, சென்னியப்பன் குப்பியைத் திறந்து ஒரு சொட்டு விட்டார். விரலால் சுண்டினார். இறக்கை மூன்று சுற்றுச் சுற்றி நின்றது. நல்ல சரக்குதான், காலையில் ஒரு சுற்றுக்கூட வராத இறக்கை அது.

சாயங்காலம் தலை கலையாமல், வியர்வைப் பொட்டு இல்லாமல் ஸ்டோரைப் பூட்டிக்கொண்டு வந்த ரெஜினா, லேத்துக்கு அருகே ஒரு நிமிஷம் நின்றார்.

"போறப்ப ஃபேனை நிறுத்தீட்டுப் போங்க தம்பி. சாக்கு வேணும்னா ஸ்டோர்ல இருக்குது."