ஆலா சொல்லாத காரணம்

ஏரி வற்றிக்கொண்டிருந்தது. நடுவில் மிஞ்சிய சேற்றில் ஓர் எருமை படுத்திருந்தது. அதன் முதுகில் ஓர் ஆலா உட்கார்ந்திருந்தது. ஆலா கடற்கரைப் பறவை. ஆனாலும் ஏரி மீனின் ருசிக்காக அடிக்கடி பறந்து வரும். வந்தால் எருமையின் முதுகுதான் அதற்குத் திண்டு மெத்தை.

"எங்க கரையில வேட்டை கிடையாது, நாய் கிடையாது! எல்லைக்கல் நட்டுக் காவல் வச்சிருக்கு. ஒரு தடவை வந்து கடலைப் பாருங்க அக்கா!" என்று ஆலா வரும்போதெல்லாம் அழைக்கும்.

எருமைக்கு ஆசைதான். கடல் எவ்வளவு பெரிய குட்டையாக இருக்கும் என்று நினைத்தாலே அதற்கு உடம்பு குளிர்ந்துவிடும். "இந்தக் கோடையிலேயே வரேன் தங்கச்சி!" என்றது ஒரு நாள்.

வழி தெரிய வேண்டுமே! கரைப் புதரில் இருந்த நரிக்கு வழி தெரியும். எருமை அதைக் கூப்பிட்டு யோசனை கேட்டது. யோசனை சொல்ல நரிக்குக் கசக்குமா?

"உச்சி வெயில்ல நடக்கக் கூடாது எருமையக்கா. வழியில குட்டை இருக்கு, அங்க இளைப்பாறலாம். கடல் தண்ணி உப்பு, குடிக்க முடியாது. வைகாசியில கிளம்பிடுவோம். நானும் துணைக்கு வரேன்!"

எருமையும் தன் பங்குக்குச் சொன்னது: "அது காவல் உள்ள இடம். நாம சத்தம் போடக் கூடாது. செடியை மேயக் கூடாது. முக்கியமா, மரத்துல உரசவே கூடாது. கூடு விழுந்துடும்!"

அந்த ஏரியில் பறவைகள் எல்லாம் கருவேல மரங்களில்தான் கூடு கட்டும். ஒரு முறை முதுகு அரிப்புக்கு எருமை ஒரு மரத்தில் உரசியது. மேலே கொக்கின் கூடு சரிந்துவிட்டது. அன்று முதல் மரத்தைக் கண்டாலே அது ஒதுங்கி நடக்கும். நல்ல எருமை அது. இந்தக் கதை முடியும்வரை அதை மறந்துவிடாதீர்கள்.

ஆலா முதுகில் நிலைகொள்ளாமல் காலை மாற்றி மாற்றி வைத்தது. "வைகாசி வேண்டாம் அக்கா. ஆடிக் காத்து அடங்கினப்புறம் வாங்களேன்."

"ஏன்? வைகாசிக்கு என்ன?" என்று நரி கேட்டது.

ஆலா நரியின் கண்ணைப் பார்த்தது. பிறகு அதன் மூக்கைப் பார்த்தது. "சும்மாதான்" என்றது.

"சும்மான்னா?"

ஆலா சிறகை விரித்தது. பறந்து போய்விட்டது.

"பாத்தியா அக்கா! வா வான்னு கூப்பிடுறது வாயளவுக்குத்தான். நிஜமா வரேன்னா காரணம்கூடச் சொல்லத் தெரியல!" என்றது நரி.

எருமைக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை நாள் ஆசையாக அழைத்த ஆலா இன்று வேண்டாம் என்றால் அதற்குள் ஏதோ இருக்கும் என்று எருமை நினைத்திருக்கலாம். ஆடி வரை பொறுத்திருக்கலாம். ஆனால் கோபம் முந்திக்கொண்டால் புத்தி எங்கே வாயைத் திறக்கும்?

வைகாசியில் இரண்டும் கிளம்பின. திட்டப்படியே எல்லாம் நடந்தது. வெயில் நேரத்தில் இளைப்பாறின, குட்டையில் நீர் குடித்தன, வழி தவறவில்லை. எல்லைக்கல்லின் அருகே முறுக்குக் கொம்போடு ஒரு வெளிமான் காவலுக்கு நின்றது.

"இப்ப யாரும் உள்ள போகக் கூடாது. ஆடி கழிச்சு வாங்க!"

"நாங்க ஆலா கூப்பிட்டு வந்தவங்க!" என்றது எருமை.

"சரி. ஆலா எப்ப வரச் சொல்லிச்சு?"

எருமை தலையைக் குனிந்துகொண்டது. நரி குனியவில்லை. வெளிமானின் கண்ணில் படாத தூரம் வந்ததும், "இவ்வளவு தூரம் வந்துட்டுச் சும்மா திரும்புறதா? கரை எவ்வளவு நீளம்! இந்த ஒத்தை மான் எங்கெங்க நிக்கும்? அந்த மரத்தோப்பு வழியா நுழைஞ்சிடலாம்!" என்றது.

"ஐயையோ, மரத்துப் பக்கம் மட்டும் வேண்டாம்! கூடு இருக்கும். அதோ பாரு, வெறும் மணல். ஒரு புல்லுகூட இல்ல. அங்க யாரு குடியிருக்கப் போறா? அப்படியே போவோம்" என்றது எருமை.

மணல் மேட்டில் ஏறியதும் காற்று முகத்தில் அடித்தது. கடல்! எருமை இன்னும் ஓர் அடி வைத்தது. அப்போது வானத்திலிருந்து ஆலா அலறிக்கொண்டு பாய்ந்தது. எருமையின் நெற்றியில் கொத்தியது. மறுபடி மேலே போய், மறுபடி பாய்ந்தது.

"தங்கச்சி! நான்தான்! என்னைத் தெரியலையா?"

"நில்லுங்க! நில்லுங்க அக்கா!"

"வீடு தேடி வந்தவளை இப்படியா வரவேற்கிறது?" என்று எருமை மனம் நொந்து காலை எடுத்து வைத்தது.

குளம்புக்கு அடியில் ஏதோ நொறுங்கியது.

ஆலாவின் அலறல் நின்றுபோனது. எருமை மெல்லக் காலைத் தூக்கிப் பார்த்தது. மணலில் நகத்தால் கீறியது போல ஒரு சின்னப் பள்ளம். அதில் மணலின் நிறத்திலேயே, மணலின் புள்ளிகளோடு, இரண்டு முட்டைகள். மூன்றாவதைத்தான் அது மிதித்திருந்தது.

"ஓகோ! இதுதானா அந்தச் சும்மா!" என்றது நரி. அதன் நாக்கு வெளியே வந்துவிட்டது.

எருமை பள்ளத்தை மறித்து நின்றது. கொம்பைத் தாழ்த்தியது. "ஒண்ணு என் காலுக்குப் போயிடுச்சு. மிச்சம் உன் வாய்க்குப் போகாது!" என்று அது போட்ட கத்தலில் வெளிமான் ஓடி வந்தது. இரண்டு ஜோடிக் கொம்புகளைக் கண்ட நரி வந்த வழியே ஓட்டம் பிடித்தது.

"ஏன் தங்கச்சி என்கிட்டச் சொல்லல?" என்று எருமை அழுதது.

"நரி பக்கத்துல நிக்கும்போது, என் முட்டை தரையில கிடக்கும்னு எப்படி அக்கா சொல்லுவேன்?"

எருமை மணலைப் பார்த்தது. இன்னும் எத்தனை பள்ளங்கள் அந்த மணலில் இருக்கின்றனவோ! திரும்பி நடக்கவும் அதற்குப் பயம். ஆகவே வந்த சுவடுகளிலேயே ஒவ்வொரு காலாகப் பின்னுக்கு வைத்து நடந்தது. எதிரே கடல் முழுவதும் விரிந்து கிடந்தது. எருமை ஒரு முறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆடிக் காற்று அடங்கியதும் ஆலா தன் இரண்டு குஞ்சுகளோடு ஏரிக்கு வந்தது. எருமையின் முதுகில் உட்காராமல் தள்ளி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தது. எருமைக்கு நெஞ்சு வலித்தது. ஆனால் ஏன் என்று அது கேட்கவில்லை.

அன்போடு அழைத்தவர் 'இப்போது வேண்டாம்' என்றால், காரணம் கேளாமல் பொறுத்திருக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்ல முடியாத அந்தக் காரணம் அவருடைய உயிராகவே இருக்கலாம்.