வாசல் மட்டும் மிஞ்சிய மல்லரங்கம்

முன்னொரு காலத்தில், ராஜா தும்மினால்கூட அதற்கொரு அரசாணை பிறந்த ஒரு நாட்டில், மகாராஜாவுக்குத் திடீரென்று குஸ்தியின் மேல் ஆசை வந்துவிட்டது. அயல்நாட்டு மல்லன் ஒருவன் சபையில் தொடை தட்டிக் காட்டிவிட்டுப் போனான், அவ்வளவுதான். அன்றிலிருந்து ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"பத்தாயிரம் பேர் அமரும் மல்லரங்கம் ஒன்று நம் நாட்டில் வேண்டும்" என்றார்.

சபையில் குபேரலிங்கம் என்றொரு பெருவணிகர் இருந்தார். ராஜா வாயைத் திறப்பதற்கு முன்பே ஆமாம் போடுகிறவர். அவர் எழுந்தார்.

"மகாராஜா, கஜானாவில் பணம் இருக்கிறது. ஆற்றங்கரையில் கல் இருக்கிறது. பிறகென்ன யோசனை? அரங்கத்தின் ஒவ்வொரு கல்லும் குடிகளுக்கே சொந்தம் என்று கல்வெட்டிலேயே பொறித்துவிடலாம். அடியேனுக்கு வாயில் மட்டும் போதும். வாயிலைக் காக்கும் சுமையை முப்பது வருஷம் நானே சுமக்கிறேன்."

சுமையாம், சுமை! கல் பெயர்ந்தாலும் சுவர் இடிந்தாலும் செப்பனிடும் செலவு சொந்தக்காரன் தலையில் விழும். வாயிலில் விழும் காசோ வாயில்காரர் மடிக்குப் போகும். ராஜாவுக்கு இது புரியவில்லை. அரண்மனை விகடகவி மருதையனுக்குப் புரிந்தது. அவருக்கு இன்னொன்றும் தெரியும். ஆற்றங்கரையில் கிடந்தது பாலத்துக்காக வந்த கல்.

பழைய ராஜா காலத்தில் நுரையாற்றுக்குள் வரிசையாகக் கல்தூண்கள் நட்டிருந்தார்கள். மேலே பரப்புவதற்கு வீட்டுக்கு ஒரு பலகைக்கல் கேட்டார் ராஜா. ஜனங்களும் வண்டி கட்டிக் கொண்டுவந்து போட்டார்கள். யார் கொடுத்தது என்று தெரிய வேண்டாமா? அந்த நாட்டு வழக்கப்படி ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டு அடையாளத்தைக் கல்லில் செதுக்கினார்கள். ஒருவர் உலக்கை, ஒருவர் சீப்பு, ஒருவர் கெண்டை மீன். அதற்குள் பழைய ராஜா கண்ணை மூடிவிட்டார். ஒன்பது வருஷமாகத் தூண்களின் மேல் கொக்குகள் உட்கார்ந்திருந்தன.

மருதையனின் ஒரே மகள் பூவாத்தாளை எதிர்க்கரையில்தான் கட்டிக் கொடுத்திருந்தார். அந்தச் சித்திரையில்தான் அவள் உண்டாகியிருக்கும் செய்தி வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? எட்டாம் மாதம் அழைத்துவர வேண்டும். எட்டாம் மாதம் ஐப்பசியில் வருகிறது. ஐப்பசியில் ஆறு யானையையே உருட்டிவிடும்.

"மகாராஜா, அந்தக் கல்லை மட்டும் விட்டுவிடுங்கள். பாலம் முடிந்தால் போதும், அரங்கத்துக்கு நானே மண் சுமக்கிறேன்" என்று கைகூப்பினார்.

"விகடகவிக்கு மகள் பாசம்" என்றார் குபேரலிங்கம். "ஒரு பெண்ணின் பிரசவத்துக்காக ஒரு நாட்டின் புகழை நிறுத்துவதா?"

சபை சிரித்தது. மகள் பாசம் என்பது உண்மைதானே, அதை மருதையன் எப்படி மறுப்பார்?

குபேரலிங்கம் கேட்டபடியே கல்வெட்டும் பொறித்து, வாயிலையும் அவருக்கே கொடுத்து அரங்கம் எழும்பியது. ஐப்பசியும் வந்தது. எதிர்பார்த்தபடியே ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. பரிசல் ஒன்றுதான் வழி. சுற்றிச் சுற்றிப் போகிற பரிசலில் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்ற மாட்டேன் என்று சம்பந்தியம்மாள் சொல்லியனுப்பிவிட்டாள். அவள் சொன்னதும் நியாயம்தான். ஆவணியில்தான் ஒரு பரிசல் கவிழ்ந்தது. வெள்ளம் ஏற ஏறப் பரிசல் விடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

தினமும் மத்தியானம் மருதையன் கரையில் போய் நிற்பார். எதிர்க்கரையில் பூவாத்தாள் வந்து நிற்பாள். மஞ்சள் சேலை ஒன்று தெரியும், வேறொன்றும் தெரியாது. இவர் துண்டை வீசுவார், அவள் முந்தானையை வீசுவாள். வெயில் சாயும்வரை இரண்டு பேரும் நிற்பார்கள்.

வீட்டுக்கு வந்தால் மனைவி பேச்சாயி வாசலிலேயே பிடித்துக்கொள்வாள். "எப்பிடி இருக்கா? வயிறு எறங்கியிருக்கா? முகம் வாடியிருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா."

முகம் தெரிந்தால்தானே சொல்ல! பேச்சாயி மகளுக்காக இடித்து வைத்த பிரசவ மருந்தை எடுத்துப் பார்ப்பாள், மூடி வைப்பாள். அந்த வீட்டில் யாரும் வயிறு நிறையச் சாப்பிட்டு மாதம் ஒன்றாகியிருந்தது.

இந்த லட்சணத்தில் அரங்கத்தின் திறப்பு விழா வந்தது. மல்லர்கள் வந்தார்கள், மேளம் வந்தது, ராஜா வந்தார். ஜனங்கள் மட்டும் வரவில்லை. வாயிலில் குபேரலிங்கம் கேட்ட கட்டணம் மூன்று நாள் கூலி. ஊர் முழுக்க வெளியே புளியமரங்களின் மேல் தொற்றிக்கொண்டிருந்தது. ராஜா பத்தாயிரம் இருக்கைக்கு நடுவில் அறுபது அமைச்சர்களோடு உட்கார்ந்து குஸ்தி பார்த்தார். மல்லன் விழுந்தபோது கை தட்டக்கூட ஆள் போதவில்லை.

"எங்கே என் குடிகள்?" என்று சீறினார்.

குபேரலிங்கம் காதோரம் குனிந்தார். "மகாராஜா, எல்லாம் விகடகவி கலைத்துவிட்ட வேலை. கலைத்தவரே கூட்டிவரட்டும். கட்டணம் இல்லாமலே கூட்டிவரட்டும். தாங்கள் தந்த வாயில் உரிமைக்கு மட்டும் பங்கம் வரக்கூடாது. என் வாயிலை யாரும் இலவசமாகத் தாண்டக்கூடாது."

ராஜா கோபத்தில் அப்படியே ஆணையிட்டார். "மருதையரே! மூன்று நாள் தருகிறேன். என் குடிகள் அத்தனை பேரும் தங்களுக்குச் சொந்தமான இந்தக் கற்களின்மேல் கால் பதிக்க வேண்டும். ஒருவரும் கட்டணம் தரக்கூடாது. குபேரலிங்கத்தின் வாயிலையும் மீறக்கூடாது. தவறினால் நீர் நாட்டை விட்டே போக வேண்டும்."

மகள் பிள்ளை பெறும் நேரத்தில் தகப்பன் எந்தத் தேசத்தில் திரிவது? மருதையன் தள்ளாடிக்கொண்டு வீடு வந்து விஷயத்தைச் சொன்னார். பேச்சாயி அழவில்லை.

"நாடு கடத்துறாகளாமே, எந்தப் பக்கமா கடத்துவாக? அக்கரைப் பக்கம்னா எனக்கும் சேத்துக் கேட்டு வாங்கிட்டு வாங்க."

சொல்லிவிட்டு அவளே விசும்பினாள். மருதையனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ராஜாவின் ஆணையை ஒவ்வொரு சொல்லாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். சொந்தமான கல். கால் பதிக்க வேண்டும். எங்கே வைத்துக் கால் பதிப்பது என்று மகாராஜா சொல்லவேயில்லையே! அவர் துள்ளி எழுந்ததைப் பார்த்துப் பேச்சாயி பயந்தே போனாள்.

மறுநாள் காலையில் மருதையன் ஏற்பாட்டில் தெருத்தெருவாகத் தமுக்கு ஒலித்தது.

"கேளுங்க, கேளுங்க! அரங்கத்துக் கல்லு அம்புட்டும் நமக்குச் சொந்தம்னு கல்வெட்டே சொல்லுது. அவுகவுக வீட்டு அடையாளத்தைப் பாத்து, அவுகவுக கல்லை எடுத்துக்கிட்டு ஆத்தங்கரைக்கு வாங்க! வாசப்பக்கம் மட்டும் யாரும் போயிராதீக!"

ஒன்பது வருஷம் காத்திருந்த ஜனங்களுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. எதிர்க்கரையில் மகள் இல்லாதவர்களுக்கு மருமகள் வீட்டார் இருந்தார்கள், இல்லாவிட்டால் நிலம் இருந்தது. கடப்பாரையும் கயிறும் வண்டியுமாகப் பின்பக்கச் சுவரில் கை வைத்தார்கள்.

குபேரலிங்கமோ பத்துத் தடியர்களோடு வாயிலில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இலவசமாக நுழைகிறவனைப் பிடிக்க வேண்டுமே! முதுகுக்குப் பின்னால் கடப்பாரைச் சத்தம் கேட்டது.

"ஐயா, உள்ளுக்குள்ள என்னமோ இடிக்கிற சத்தம் கேக்குதே" என்றான் ஒரு தடியன்.

"சொந்தக்காரங்க செப்பனிடுறாங்கடா. செலவு அவங்களோடது, நமக்கென்ன வந்துச்சு? நீ வாசலைப் பாரு."

மூன்று நாளும் வாசலைப் பார்த்தார்கள்.

நான்காம் நாள் காலை ராஜா பரிவாரத்தோடு வந்தார். குபேரலிங்கம் தரையைத் தொட்டுக் கும்பிட்டார். "மகாராஜா, ஒரு ஈ காக்கை உள்ளே நுழையவில்லை. விகடகவி தோற்றார்."

ராஜா அவருக்குப் பின்னால் பார்த்தார். "அது சரி, அரங்கம் எங்கே?"

குபேரலிங்கம் திரும்பினார். வெட்டவெளியில் நான்கு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வாயில் தூணையே பிடித்துக்கொண்டார்.

ராஜா கண் சிவக்க ஆற்றங்கரைக்குப் போனார். அங்கே கரையிலிருந்து கரைக்குப் பாலம் கிடந்தது. மேலே ஜனங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும், கட்டிப்பிடித்து அழுதுகொண்டும் இருந்தார்கள். மருதையன் ராஜாவின் முன்னால் வந்து வணங்கினார்.

"மகாராஜா, குடிகள் தங்கள் சொந்தக் கற்களின்மேல் கால் பதித்துவிட்டார்கள். ஒருவரும் கட்டணம் தரவில்லை. வாயிலை ஒருவரும் மீறவில்லை. அது வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கிறது. மல்லர்கள் கரை மணலில் காத்திருக்கிறார்கள். இன்று தாங்கள் கை தட்டினால் கூடவே ஊரும் தட்டும்."

ராஜா பாலத்தைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார். தம் வாயிலிருந்து வந்த ஆணையையும் நினைத்துப் பார்த்திருப்பார். முதலில் மீசை துடித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், பாலத்து ஓரம் ஒட்டிக்கொண்டிருந்த கடைசிக் கொக்கும் பறந்துவிட்டது.

"குபேரலிங்கம், வாக்கு வாக்குதான். முப்பது வருஷம் அந்த வாயிலைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவாரும். ஆடுகளிடம் கட்டணம் கேட்டுப் பாரும்!" என்றவர், கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். "மருதையரே, இந்தாரும். பரிசு தரும்போது என்னைப் பார்க்காமல் எங்கே பார்க்கிறீர்?"

மருதையன் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் சேலை ஒன்று சம்பந்தியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கி, மெல்ல மெல்ல நடந்து வந்தது. பேச்சாயி பாதிப் பாலத்துக்கே ஓடிவிட்டாள். இவர் கரையிலேயே நின்றார். பூவாத்தாள் கிட்டே வந்து நின்றாள். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது.

"அப்பா" என்றாள்.

எதற்கும் சுடச்சுடப் பதில் சொல்லும் மனுஷர் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை கூப்பிடும்மா" என்றார்.

"ஊரையே சிரிக்க வைக்கும் விகடகவியை அழ வைத்துவிட்டாளே! அப்படியானால் பரிசு இவளுக்குத்தான்" என்று ராஜா மறுபடியும் சிரித்து, முத்துமாலையைப் பூவாத்தாள் கையில் கொடுத்தார். பேச்சாயி மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திருப்பினாள். பூவாத்தாள் எட்டு மாதத்துக் கதையையும் ஓயாமல் சொல்லிக்கொண்டே போனாள். மருதையன் கேட்டுக்கொண்டே பின்னால் நடந்தார்.