ஐந்தாம் பாலத்து ஈரம்

வேல்கனி இறந்த இருபத்திரண்டாம் நாள், அவளுடைய ஷூவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தங்கபுஷ்பம் உப்பளச் சாலைக்கு வந்தாள். ஓட வரவில்லை. இனி ஓடப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாள். இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. 

முதல் சிறுபாலத்தருகே பயிற்சியாளர் சவரியம்மாள் குனிந்து நின்றார். ஈரத்துணி சுற்றிய இரண்டு தண்ணீர் பாட்டில்களைக் கைப்பிடிச் சுவரின் நிழலில் வைத்து, மூடியைத் தளர்த்திக்கொண்டிருந்தார். இரண்டு பேர் ஓடிய காலத்தில் வைத்த மாதிரியே.

தங்கபுஷ்பம் பாட்டில்களைப் பார்த்தாள். அந்தச் சாலையில் ஓட இப்போது ஆளே இல்லை.

“யாருக்குக்கா வைக்கீங்க?”

“வைக்கேன்.”

“புயலடிச்ச அன்னைக்கும் வச்சீங்களாமே.”

“வச்சேன். காத்து தூக்கிட்டுப் போயிட்டு. மறுநாளும் வச்சேன்.”

“வச்சுட்டு என்ன செய்வீங்க?”

“அஞ்சாம் பாலத்துல போய் நிப்பேன்.”

“எதுக்கு?”

சவரியம்மாள் ஸ்கூட்டரைக் கிளப்பினார். “ஏறு.”

அந்தச் சாலையில் ஏழு பாலங்கள். பதினான்கு கிலோமீட்டர். மாநிலப் பந்தயம் காலை பத்து மணிக்கு என்று தாள் வந்ததும், பயிற்சியும் பத்து மணிக்கே என்று சவரியம்மாள் மாற்றிவிட்டார். கத்திரி வெயில். உப்பு வாருகிறவர்களே கொட்டகைக்குள் ஒதுங்கிவிடும் நேரத்தில் இந்த இரண்டு பெண்களும் ஓடினார்கள். ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. ஒவ்வொரு பாலத்திலும் நிற்க வேண்டும், பாட்டிலைக் குடித்துக் காலி செய்ய வேண்டும், பத்து எண்ண வேண்டும். பிறகுதான் காலைத் தூக்கலாம். ஐந்து நிமிஷம் பின்னால் சவரியம்மாள் ஸ்கூட்டரில் வந்து காலி பாட்டில்களைப் பொறுக்கிக்கொள்வார்.

வேல்கனி எப்போதும் முன்னால். தங்கபுஷ்பம் எப்போதும் நாலு எட்டு பின்னால். இருவருக்கும் உயிருக்கு உயிரான சிநேகம்தான், ஆனாலும் பந்தயத்துக்கு மாவட்டத்திலிருந்து ஒருத்திதான் போக முடியும்.

இரண்டு, மூன்று, நான்காம் பாலங்களில் ஸ்கூட்டர் நின்றது. ஒவ்வொன்றிலும் இரண்டு பாட்டில். ஐந்தாம் பாலத்தில் நின்றபோது தங்கபுஷ்பம் இறங்கவில்லை. சீட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வெயில் தாக்கி வேல்கனி விழுந்தது இங்கேதான். வேர்வைகூட இல்லாமல், காய்ந்த தோலோடு விழுந்தாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

அப்புறம் பதினாறாம் நாள் சூறைக்காற்றும் மழையும் அடித்தபோது, இந்தப் பாலத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விடாதா என்று தங்கபுஷ்பம் வேண்டிக்கொண்டாள். எதுவும் போகவில்லை. ஆறு நாள் வெயிலில் மண்ணும் பழையபடி வெளுத்துவிட்டது.

“பையில என்ன?” என்றார் சவரியம்மாள்.

“அவ ஷூ. அவ அம்மா தந்தாவ. நீ ஓடு தாயி, எம்மவ ஓடுத மாதிரி நான் பாத்துக்கிடுதேன்னு என்னையக் கட்டிப்பிடிச்சு அழுதாவ.” பையை மடியில் வைத்தாள். “நான்தான்க்கா அவளக் கொன்னது.”

சவரியம்மாள் இரண்டு பாட்டில்களைச் சுவர் நிழலில் வைத்தார்.

“ஒருநாளு அவ பாலத்துல நின்னு குடிச்சுப் பத்து எண்ணும்போது, நான் என் பாட்டில கால் விரலால தட்டிவிட்டுட்டு நிக்காம ஓடிட்டேன். தண்ணி கொட்டிரும், பாட்டிலு காலியாக் கெடக்கும். நீங்க குடிச்சிருக்கோம்னு நெனச்சுக்கிடுவீங்க. அன்னைக்கு மட்டும்தான் அவள முந்தினேன். அவ பாத்துட்டா. ‘ஏட்டி, இப்படியா சங்கதி’ன்னு சிரிச்சா. மறுநாள்லேருந்து அவளும் தட்டிவிட்டா. அவளுக்கு அத நான்தான்க்கா பழக்குனேன்.”

சொல்லிவிட்டாள். சொன்னால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை.

சவரியம்மாள் இரண்டு பாட்டில்களில் ஒன்றைச் சாலையோரத்து மண்ணில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். கால் விரலால் தட்டினார். பாட்டில் உருண்டு, குடிதண்ணீர் கொடகொடவென்று கொட்டியது. கழுத்தில் தொங்கிய, ஓட்ட நேரம் குறிக்கும் கடிகாரத்தை அழுத்தினார்.

“இறங்கி வந்து பாரு.”

“என்னத்தக்கா?”

“பாரு.”

இருவரும் நின்றார்கள். தலை கொதித்தது. உப்பு வெளுப்பில் கண்ணைத் திறக்க முடியவில்லை. கொட்டிய இடம் மட்டும் கருத்துக் கிடந்தது.

“அஞ்சு நிமிஷம் ஆச்சு,” என்றார் சவரியம்மாள். “காஞ்சிருக்கா?”

“இல்ல.”

ஒரு சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஈரம் அப்படியே இருந்தது. குருடிக்கும் தெரிகிற ஈரம். தங்கபுஷ்பம் அதைப் பார்த்தாள். பிறகு சவரியம்மாளைப் பார்த்தாள்.

“அக்கா... நீங்க அஞ்சு நிமிஷத்துல பின்னால வருவீங்களே.”

“வருவேன்.”

“பாத்தீங்களா?”

“மொத நாளு ஒரு ஈரம். மறுநாளு ரெண்டு ஈரம். அன்னையிலேருந்து பாலத்துக்குப் பாலம் ரெண்டு ஈரம்.”

“ஏன்க்கா ஒரு வார்த்த கேக்கல?”

சவரியம்மாள் கடிகாரத்தைக் கழுத்திலிருந்து கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “இதையும் பாத்தேன். நீங்க ஓடுன நேரம் கொறஞ்சிருந்துது.”

தங்கபுஷ்பத்துக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. அவர் தோளில் விழுந்து அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. இத்தனை நாளும் ஒற்றையாகச் சுமந்த பழிக்குப் பங்காளி வந்தாயிற்று, ஆனாலும் பழி பாதியாகவில்லை. இரண்டு பேர் தலையிலும் முழுசாகவே உட்கார்ந்திருந்தது.

“அவ அம்மாட்ட...”

“நேத்துப் போனேன். நான் பாத்தத, சொல்லாம இருந்தத, எல்லாத்தையும் சொன்னேன்.”

“என்ன சொன்னாவ?”

“கதவச் சாத்திட்டாவ.”

“என்னையப் பத்தி?”

“யாரு தட்டிவிட்டான்னு சொல்லல. அது ஒன் சங்கதி.”

உப்பளத்துப் பக்கமிருந்து அனல் அடித்தது. தங்கபுஷ்பம் ஷூப் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சாத்தப்போகிற கதவு அவள் கண்ணுக்கு இப்போதே தெரிந்தது. இந்த ஷூவை அந்த அம்மா திருப்பி வாங்கிக்கொள்வாளா, முகத்தில் எறிவாளா என்றும் தெரியவில்லை.

“போய்ச் சொல்லிருதேன்,” என்றாள் கடைசியில். “சொன்ன பொறவு நான் ஓடலாமாக்கா?”

சவரியம்மாள் நிழலில் மீதியிருந்த ஒரு பாட்டிலை எடுத்தார். ஈரத்துணியை அவிழ்த்தார். மூடியை முழுசாகத் திறந்து அவள் கையில் கொடுத்தார்.

“தாகமில்லக்கா.”

“குடிட்டி,” என்றார் சவரியம்மாள். “நான் பாத்துக்கிட்டு நிக்கேன்.”