கும்பிட்ட குச்சி

மருதங்கோட்டை ராஜா வில்லை எடுத்தா, மான் நின்னு வேடிக்கை பார்க்கும். அன்னிக்கும் அப்படித்தான். அம்பு மானை விட்டுட்டு, சமையல்காரன் தலைப்பாகையில போய்ச் செருகிக்கிச்சு.

சபையைச் சிரிக்க வைக்கிற வேலை ஆவுடையப்பனுக்கு. சும்மா இருப்பானா? ராஜா முதுகுக்குப் பின்னால நின்னு, ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடி, நாக்கைக் கடிச்சு, அவர் குறிபார்க்கிறதை அச்சு அசலா நடிச்சான். எல்லாரும் சிரிச்சாங்க. திடீர்னு சத்தம் நின்னுது. கண்ணைத் திறந்தா, எதிர்ல ராஜா!

"என்னடா இது?"

"அ... அம்பு மகாராஜா! அது பறந்த லட்சணத்தை நடிச்சேன். உங்க குறி சுத்தம். குச்சிதான் கோணல்."

தப்பிச்சோம்னு நினைச்சான். தளவாய் சூரப்பர் விடுவாரா? போன வாரம்தான் அவர் தும்முறதை நடிச்சுக் காட்டியிருந்தான்.

"அப்ப இவனே நேரான குச்சி கொண்டுவரட்டும் மகாராஜா. தீயில வாட்டி நிமிர்த்துறது எல்லா வேடனுக்கும் தெரியும். இவன் வாட்டக்கூடாது, செதுக்கக்கூடாது. மரத்துல முளைச்சபடியே நேரா இருக்கணும்!"

"நாளைக்கு வரணும். இல்லேன்னா நீதான்டா எனக்குக் குறி!"ன்னார் ராஜா.

காடு பூரா அலைஞ்சான். ஒரு விளார் அவன் மூக்கு மாதிரி கோணல். இன்னொண்ணு அவன் புத்தி மாதிரி. "இந்த வாயை வீட்லயே வெச்சுட்டு வந்திருக்கக் கூடாதா?"ன்னு தன்னையே திட்டிக்கிட்டான். கடைசியில, இருக்கிறதுலயே படுகோணலா ஒண்ணை வெட்டிக்கிட்டு சபைக்கு வந்தான்.

தளவாய்க்கு ஒரே குஷி. "இது அம்பா, வில்லாடா?"

"காட்டுல ஆணி மாதிரி நின்னுச்சு மகாராஜா! வாசல்ல வந்ததும், 'உள்ளே ராஜா இருக்கார்'னு வாய்தவறிச் சொல்லிட்டேன். அவ்வளவுதான், வளைஞ்சு ஒரு கும்பிடு!"

"கும்பிட்டா திரும்ப நிமிரணுமேடா?"ன்னார் ராஜா.

"அங்கதான் சிக்கல். நானும் இங்க வேலைக்கு நேராத்தான் வந்தேன். ஒரு கும்பிடு போட்டேன். இன்னும் நிமிர முடியல. நம்பலேன்னா தளவாயை நிமிரச் சொல்லிப் பாருங்க."

ராஜா திரும்பினார். எப்பவும் போலக் குனிஞ்சு நின்ன தளவாய் பதறி நிமிர்ந்தார். மளுக்! இடுப்பு பிடிச்சுக்கிச்சு.

ராஜாவுக்குச் சிரிப்பு தாங்கல. கழுத்து முத்துமாலையைக் கழட்டி ஆவுடையப்பன் கையில கொடுத்தார். சேவகர்களைக் கூப்பிட்டார்.

"போங்கடா, தீயில நல்லா வாட்டி நிமிர்த்துங்க!"

ஆவுடையப்பன் மாலையோட ரெண்டடி பின்னால போனான்.

"குச்சியைத்தானே மகாராஜா?"